ஏகமனதாக ஒரு கொட்டில்

கூரை ஒழுகினால் கூரையைத் திருத்த வேண்டும். அதற்கு வாக்கெடுப்பு எதற்கு? இந்தக் கேள்வியை நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேட்கத் தொடங்கினேன். இன்னும் ஒருவரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

தென் லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது விளக்கம் சொல்ல வருவார்கள். விளக்கம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. முன்பக்கம் செங்கல் கட்டடம், பார்க்க நல்ல வடிவு. பின்பக்கம் போனால் மைதானத்தின் ஓரத்தில் மூன்று மரக் கொட்டில்கள். தற்காலிகமாக வைத்தவையாம். அந்தத் தற்காலிகத்துக்குள் படித்தவர்கள் வளர்ந்து, கலியாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளை அதே கொட்டிலுக்குள் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் தாய்மார் அதை ‘ஹட்’ என்பார்கள். நாங்கள் கொட்டில் என்போம். ஊரில் மாட்டுக்குப் போடுகிற கொட்டில் இதைவிடக் காய்ந்திருக்கும்.

என் மகள் ஏழு வயதில் அந்தக் கொட்டில்களில் ஒன்றுக்குள் போனாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுக்கிற வருத்தம். வீட்டில் மருந்தோடும் பம்போடும் ஒருவாறு சமாளித்து வைத்திருந்தோம். கொட்டிலுக்குள் போன முதல் குளிர்காலத்திலேயே எல்லாம் கைமீறிப் போனது. திங்கட்கிழமை நன்றாகப் போவாள், புதன்கிழமை படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடுவாள். வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கு எழுத அவரிடம் மருந்து இல்லை.

ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் கொண்டுவந்தாள். காளான் படம். குடை, தண்டு, அடிப்பக்கத்துக் கோடுகள் எல்லாம் கவனமாகக் கீறி, மூலையில் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்களா என்று கேட்டேன். இல்லையாம். வகுப்பறையிலேயே, புத்தக அலுமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து முளைத்ததாம். மிஸ் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கவிட்டாராம். அன்றைக்கு அதுதான் விஞ்ஞான பாடம்.

அந்த மிஸ் நல்ல பிள்ளை, இருபத்தைந்து வயதுகூட இராது. இருக்கிறதை வைத்துப் பாடம் நடத்தினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. என் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிற பூஞ்சணத்துக்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். படத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன், மறக்கக்கூடாது என்று.

அந்த வருடம்தான் வாக்கெடுப்பு வந்தது. பெற்றோரை எல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூப்பிட்டு, பள்ளிக்கூடத்தை நடத்துகிற உள்ளூர்க் கவுன்சிலிலிருந்து வந்த ஒருவர் சுவரில் படம் காட்டி விளக்கினார். கட்டடம் கட்டுவதென்றால் கவுன்சில் கடன் எடுக்க வேண்டும். எவ்வளவு கடன் எடுக்கலாம் என்று அரசாங்கம் மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அந்த மட்டுக்குள் எங்கள் கொட்டில் வரவில்லை. அதற்குமுன் வரிசையில் வேறு பள்ளிக்கூடங்கள் நிற்கின்றன. அவர் உட்கார்ந்த பிறகு பள்ளிக்கூட நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் எழுந்து மற்றப் பக்கத்தைச் சொன்னார். பள்ளிக்கூடம் கவுன்சிலை விட்டுப் பிரிந்து அரசாங்கத்தோடு நேரே சேர்ந்தால், அதே அரசாங்கம் கட்டடத்துக்குக் காசு தரும். பிரிவதா இருப்பதா என்று பெற்றோர்தான் வாக்களிக்க வேண்டும். தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, தபாலில் வரும்.

ஒரு கையால் கவுன்சிலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எங்களுக்கு இனிப்புக் காட்டுகிறார்கள் என்று எனக்கு அங்கேயே விளங்கியது. எங்களுக்குக் கிடைக்கிற காசு பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் கூரைக்குக் கிடைக்காத காசு என்பதும் விளங்கியது. எழுந்து, இன்னும் எத்தனை குளிர்காலம் பிள்ளைகள் அந்தக் கொட்டிலுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டேன். மிக நல்ல கேள்வி என்றார் கவுன்சில்காரர். நல்ல கேள்வி என்று சொன்னால் பதில் வராது என்பது இந்த நாட்டுக்கு வந்து படித்த பாடங்களில் ஒன்று.

வீட்டுக்கு வரும் வழியில் முடிவெடுத்துவிட்டேன். பிரிந்தாலும் சரி, சேர்ந்தாலும் சரி, எது என் பிள்ளையைக் கொட்டிலிலிருந்து வெளியே எடுக்கிறதோ அதற்குத்தான் என் வாக்கு, என் புள்ளடி.

இங்கே எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலைகளில் அதே பள்ளிக்கூடத்தின் மண்டபத்தையும் சில அறைகளையும் கவுன்சில் எங்களுக்குக் குறைந்த வாடகைக்குத் தந்திருந்தது. டூட்டிங்கிலிருந்தும் கோலியர்ஸ் வுட்டிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்குச் சட்டவிதி எழுதிய ஒரு யாப்பு, ஒரு தலைவர், ஒரு செயலாளர். தலைவர் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உப அதிபராக இருந்தவர். எல்லோரும் மாஸ்டர் என்போம். அவரைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பனியிலும் மழையிலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குகிறவர் அவர்தான். செயலாளர் என் வீட்டுக்காரர். நான் இவர் என்று எழுதினால் அவரைத்தான் சொல்கிறேன். கிழமை நாளில் பெற்றோல் ஷெட்டில் நைட் ஷிப்ட். சனிக்கிழமை நித்திரைக் கண்ணோடு வந்து கூட்டக் குறிப்பு எழுதுவார்.

எங்கள் சங்கத்தில் ஒரு நாளும் வாக்கெடுப்பு நடந்ததில்லை. யாராவது எதிர்த்தால் அது சண்டை, சண்டை வந்தால் சங்கம் இரண்டாகும், இரண்டானால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே மண்டபத்துக்கு அடிபடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் கூட்டத்துக்கு முன்பே தொலைபேசியில் பேசி முடித்துவிடுவார்கள். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், எல்லோரும் கை தட்டுவார்கள். இவர் எழுதுவார்: ஏகமனதாக நிறைவேறியது. பெண்கள் வாசலுக்கு வெளியே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டும் ரோல்ஸ் அடுக்கிக்கொண்டும் நிற்போம். கைதட்டுகிற சத்தம் கேட்டால் தட்டை உள்ளே கொண்டுபோகிற நேரம் என்று தெரியும்.

அந்த முறையும் கை தட்டினார்கள். பள்ளிக்கூடம் கவுன்சிலை விட்டுப் பிரியக்கூடாது, பிரிந்தால் சனிக்கிழமை மண்டபம் போய்விடும், ஆகவே தமிழ்ப் பெற்றோர் எல்லோரும் வேண்டாம் என்று போட வேண்டும். அதுதான் தீர்மானம். பயத்தில் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்தவர்களில் பாதிப்பேர் கொட்டிலைக் கண்ணால் கண்டதில்லை. பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் நாங்கள். சுவரில் கறுத்துப் படர்ந்ததைக் கண்டவர்கள் வெளியே தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றோம்.

தீர்மானத்தின் இரண்டாம் பகுதி எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தபாலில் வாக்குச் சீட்டு வந்தது, எங்கள் வீட்டுக்கு இரண்டு உறை, ஒன்றில் இவருடைய பெயர், ஒன்றில் என் பெயர். என்னுடையதைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மருந்துக்கடையில் எனக்கு அரை நாள் வேலை. திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

“என்ர உறை எங்கை?” என்று இவரைக் கேட்டேன்.

“மாஸ்டரிட்டைக் குடுத்திட்டன்.”

“ஏன் மாஸ்டரிட்டை?”

“எல்லாற்றையும் சேர்த்துத்தான் குடுக்கிறது. உம்மடையிலையும் நானே புள்ளடி போட்டிட்டன். உமக்கு அலைச்சல் மிச்சம்.”

நல்ல மனுசன். ஒரு நாளும் என்மேல் சத்தம் போடாதவர். என் சம்பளத்தை என் பாட்டுக்கு விட்டவர். அப்படிப்பட்டவர் என் பெயர் அச்சடித்து வந்த உறையைக் கிழித்து, என் வாக்கை எடுத்து, அதற்கு நன்றியும் எதிர்பார்த்துக்கொண்டு சோபாவில் இருந்தார்.   பக்கத்து வீட்டுக்காரி சுவரில் தட்டுமளவுக்குக் கத்தினேன்.

“உங்கட பிள்ளை இரவிரவா மூச்செடுக்கேலாமல் கிடக்குது. நீங்கள் அந்தக் கொட்டில் அப்பிடியே இருக்கட்டும் எண்டு என்ர பேரில புள்ளடி போட்டிருக்கிறியள். விளங்குதோ நீங்கள் செய்தது?”

“இஞ்சாரும், இது சமூகத்தின்ர விசயம். உமக்கு விளங்காது.”

உமக்கு விளங்காது. 

நடந்தது இதுதான். ஊரில் கச்சேரிக்கு, அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, மகஜர் கொடுக்கிற வழக்கம் இருந்தது. றோட்டு வேண்டும், பஸ் வேண்டும் என்றால் ஊரார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அழகாக ஒரு முகப்புக் கடிதம் எழுதி, கட்டிக்கொண்டு போய் அரசாங்க அதிபரின் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் வாக்குச் சீட்டையும் அப்படியே செய்தார்கள். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. மாஸ்டரின் ஆங்கிலம் கவுன்சில்காரரின் ஆங்கிலத்தைவிடத் திறம். தனித்தனியாக இந்த உறையில் இட்டுத் தபாலில் சேர்க்கவும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை எல்லோரும் வாசித்தார்கள். ஆனால் தனித்தனியாகப் போட்டால் தமிழர்கள் ஒற்றுமையாக நின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரகசியமாகப் போடுகிற வாக்கில் என்ன மரியாதை? எல்லாச் சீட்டையும் ஒரு பெரிய கட்டாகக் கட்டி, மேலே முகப்புக் கடிதம் வைத்து, வாக்கெடுப்பு முடிகிற நாள் பின்னேரம் தலைமையாசிரியையின் அறைக்குப் போய்க் கையில் கொடுத்தார்கள்.

படமும் எடுத்தார்கள். நான் பார்த்தேன். மாஸ்டர் கோட்டும் டையும். இவர் பக்கத்தில். நடுவில் அந்த வெள்ளைக்காரப் பெண்மணி, யாரோ தன் கையில் ஈரக் குழந்தையைத் தந்துவிட்டதுபோல அந்தக் கட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தபடி.

அந்த வாக்குகளை அவர் தொடவே கூடாது. எண்ணுகிறவர்கள் வேறொரு அலுவலகத்தில் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு வெளியே, அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள். அவர் அங்கே தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது, அதோடு இப்படிக் கட்டாகக் கட்டி வருவதை ஏற்க ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் மாஸ்டரைக் கூப்பிட்டு, மிகவும் வருத்தத்தோடு கட்டைத் திருப்பிக் கொடுத்தார். தமிழ்ப் பெற்றோரின் வாக்கு ஒன்றுகூட எண்ணப்படவில்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பெற்றோரில் பாதிக்குக் குறைவானவர்கள் வாக்களித்திருந்தால் திரும்பவும் ஒருமுறை வாக்கெடுப்பு வைக்க வேண்டும். எங்கள் கட்டு எண்ணப்படாததால் பாதிக்குச் சற்றுக் குறைந்துபோனது. பள்ளிக்கூட வாசலில் ஒரு ஐரிஷ்காரத் தாய் எனக்குச் சொன்னாள், திரும்பவும் சீட்டு வருமாம், யாரோ ஒரு கட்டை மாறிக் கொடுத்துவிட்டார்களாம் என்று. நான் என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை. என்ன விசயம் என்று அவள் கேட்டாள். அந்தக் கட்டுக்குள் என்னுடையதும் ஒன்று என்றேன். எங்கள் சங்கத்தின் மடத்தனம் எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சனிக்கிழமை உள்ளே அவசரக் கூட்டம். யாரையும் குற்றம் சொல்லாமல் நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு தீர்மானம், அதுவும் ஏகமனதாக. வெளியே நான் தேத்தண்ணிப் பானைக்குப் பக்கத்தில் நின்று பெண்களுக்குச் சொன்னேன்.

“தபால் காலமையில வரும். நைட் ஷிப்ட் செய்து வந்தவை நித்திரையா இருப்பினம். உங்கட பேரில வாற உறையை நீங்களே எடுங்கோ. நீங்களே போடுங்கோ. வேலைக்குப் போற வழியில நீங்களே தபால்பெட்டிக்குள்ள போடுங்கோ.”

“அவர் கேட்டா என்ன சொல்றது அக்கா?” என்றாள் ஒருத்தி. அவளுடைய மகனும் என் மகளின் வகுப்புத்தான்.

“போட்டிட்டன் எண்டு சொல்லுங்கோ. என்ன போட்டது எண்டு எனக்கும் சொல்ல வேண்டாம், அவருக்கும் சொல்ல வேண்டாம்.”

 ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த முறை என் உறை வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தபால்காரர் அதைக் கதவுத் துவாரத்தால் விடமுன்பே உள்ளேயிருந்து இழுத்துவிட்டேன், அவர் பயந்துபோயிருப்பார். குசினி மேசையில், காளான் படத்துக்கு முன்னால் வைத்துப் பிரிய வேண்டும் என்ற கட்டத்துக்குள் புள்ளடி போட்டேன். தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டேன்.

பிரிவதற்கு ஆதரவாகத்தான் முடிவு வந்தது. பெரிய வித்தியாசத்தில் இல்லை, ஆனால் வந்தது. மாஸ்டருக்கு விளங்கவில்லை. தமிழர்களின் வாக்கு இந்த முறை ஒழுங்காகப் போயிருக்கிறதே, பிறகு எப்படி என்று இவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். இவர் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கும் விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ என்றேன்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கட்டடம் என்பது புள்ளடி போட்ட அடுத்த நாள் முளைக்கிற காளான் அல்ல என்று அப்போது எனக்குத் தெரியாது. திட்டம், அனுமதி, ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரர் விட்டுவிட்டுப் போனது, வேறு ஒப்பந்தக்காரர். குளிர்காலங்கள் போய்க்கொண்டிருந்தன. என் மகள் ஒரு கொட்டிலிலிருந்து அடுத்த கொட்டிலுக்கு வகுப்பேறினாள். இரண்டு தரம் அவளை அம்புலன்ஸில் கொண்டுபோனோம். புதிய கட்டடம் திறந்தபோது அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியிருந்தது கடைசித் தவணையின் மூன்று மாதம் மட்டும். பெரிய கண்ணாடி யன்னல், காய்ந்த தரை. அந்தத் தவணையில் அவள் ஒரு நாளும் வீட்டில் நிற்கவில்லை.

அந்த ஒரு தவணைக்காக நான் இன்றைக்கும் அதே கட்டத்தில்தான் புள்ளடி போடுவேன்.

ஆனால் மாஸ்டர் பயந்ததும் நடந்தது. பள்ளிக்கூடம் இப்போது தன் பாட்டில் நிற்கிற பள்ளிக்கூடம். வாடகையையும் சாவியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதிய மண்டபத்துக்குப் பளபளவென்று மரத்தரை போட்டிருந்தார்கள். சனிக்கிழமைகளில் வெளியாருக்குத் தரமாட்டார்களாம். ஆனால் எங்களை அப்படியே தெருவில் விடவும் மனம் வரவில்லையாம். பழைய கொட்டில்களில் இரண்டை இடித்தாயிற்று, ஒன்றைச் சாமான் வைக்க விட்டிருக்கிறார்கள். விரும்பினால் தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் அதைப் பாவிக்கலாம், பழைய வாடகைக்கே.

இதைச் சொல்லக் கூட்டம் கூட்டினார்கள். எங்கே தெரியுமா? அந்தக் கொட்டிலுக்குள்ளேயே. மண்டபம்தான் இல்லையே. அன்றைக்குத் தேத்தண்ணிப் பானை வைக்க வெளியே இடமில்லாததால் பெண்களும் உள்ளே, பின்சுவரோடு நின்றோம். புத்தக அலுமாரி இருந்த மூலையில் தரைப்பலகை கால் வைத்தால் அமிழ்ந்தது. அதே மணம். பிள்ளைகள் வெளியே மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் எழுந்து பேசினார். எங்களுக்கென்று நிரந்தரமாக ஒரு இடம் கிடைத்திருக்கிறது, இதற்காகத் தலைமையாசிரியைக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றார். நிரந்தரம் என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னார். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார். எதிர்ப்பவர்கள் உண்டோ என்று மாஸ்டர் கேட்டார், கேட்கவேண்டுமென்பதற்காக. பதிலுக்குக் காத்திராமல் கை தட்ட ஆயத்தமானார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

“என்ன தங்கச்சி, தேத்தண்ணி ரெடியோ?” என்றார் மாஸ்டர்.

“நான் எதிர்க்கிறன்.”

கதிரைகள் எல்லாம் திரும்பின. இவருடைய பேனை நின்றது.

“இதுக்குள்ள என்ர பிள்ளை பட்ட பாடு உங்கள் எல்லாருக்கும் தெரியும். கிழமை நாளில பிள்ளையளை இதுக்குள்ளயிருந்து வெளியில எடுக்க இவ்வளவு காலம் எடுத்தது. இப்ப சனிக்கிழமையில நாங்களே கூட்டிக்கொண்டு வந்து உள்ள விடுறதோ? அதுக்கு நன்றியும் சொல்றதோ? நோர்பரியில ஒரு தேவாலய மண்டபம் இருக்கு. வாடகை கொஞ்சம் கூட, பரவாயில்லை. விசாரிச்சுப் போட்டுத்தான் கதைக்கிறன்.”

மாஸ்டர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். மிக ஆறுதலாகச் சொன்னார்.

“தங்கச்சி, பள்ளிக்கூடம் பிரியாமல் இருந்திருந்தா மண்டபம் எங்களிட்டை இருந்திருக்கும். பிரிய வேணும் எண்டு யாரோ போட்டிருக்கினம். ஆர் எண்டு நான் கேக்கேல்லை.”

அது உண்மை. எனக்குச் சுரீரென்று சுட்டது. ஆனாலும் அது அந்தக் கொட்டிலுக்குப் பதிலாகாது.

“நான்தான் போட்டனான்,” என்றேன். “இன்னொரு தரம் வந்தாலும் போடுவன். இப்ப இதைக் கை தூக்கச் சொல்லி எண்ணுங்கோ.”

எண்ணுவதா? அந்தச் சங்கத்தில் ஒருவருக்கும் எண்ணிப் பழக்கமில்லை. மாஸ்டர் இவரைப் பார்த்தார், இவர் பேனையைப் பார்த்தார். கடைசியில் மாஸ்டர், எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்றார்.

நான் பின்சுவரோடு நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். இவர்களில் யார் யார் அன்றைக்கு உறையைத் தாங்களே எடுத்துத் தாங்களே போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போட்டிருக்கிறார்கள். போடாமல் அந்த முடிவு வந்திராது. உறைக்குள் அத்தனை துணிவாகப் போட்ட கைகள், கணவன்மாரின் பிடரிகளுக்குப் பின்னால் நின்றபோது ஒன்றுகூட மேலே வரவில்லை. என் மகளின் வகுப்பில் மகன் படித்த அந்தப் பெண் தட்டில் ரோல்ஸை அடுக்கினாள், அடுக்கினதைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினாள். மாஸ்டர்மேல் வந்த கோபத்தைவிட அந்த நிமிடம் எனக்கு அவர்கள்மேல்தான் கூடக் கோபம் வந்தது. முன்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தவர்மேல் வந்த கோபத்தை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

“ஒருவர்தானே,” என்றார் மாஸ்டர். “செயலாளர், வாசியுங்கோ.”

இவர் எழுந்து, கண்ணை மேலே எடுக்காமல் வாசித்தார். நன்றித் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நான் வெளியே வந்து மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். என்ன நடந்தது என்று கேட்டாள். இனித் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை என்றேன். “ரியலி அம்மா? ஃபோர் எவர்?” என்று துள்ளினாள். அவளுக்குச் சந்தோஷம். பஸ் நிற்குமிடம் வரைக்கும் துள்ளிக்கொண்டே வந்தாள். நான் அவளுக்கு முகத்தைக் காட்டவில்லை.

வீட்டில் நானே சொல்லிக்கொடுப்பேன் என்று வீறாப்பாக நினைத்தேன். வேலை, சமையல், வீட்டுப்பாடம், அவளுடைய பெரிய பள்ளிக்கூடம். சில மாதம் நடந்தது, பிறகு நடக்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடம் அந்தக் கொட்டிலுக்குள் இன்னும் பல வருடம் ஓடியது. மற்றப் பிள்ளைகள் இருமிக்கொண்டு படித்தார்கள், படித்து முடித்தும் விட்டார்கள். என் மகளுக்கு நல்ல நெஞ்சு இருக்கிறது, இப்போது ஓட்டப் போட்டிகளுக்குக்கூடப் போகிறாள். டூட்டிங்கில் கடைப் பலகையைக் கண்டால் எழுத்துக் கூட்டிப் பாதி வாசிப்பாள், மீதியைப் படத்தைப் பார்த்து ஊகிப்பாள். அவளுக்கு மூச்சும் வேண்டும் தமிழும் வேண்டும் என்று கேட்டதில் என்ன பேராசை இருந்தது? ஏன் ஒன்றைத்தான் எடுக்க விட்டார்கள்? அரசாங்கத்தையும் கேட்கிறேன், கவுன்சிலையும் கேட்கிறேன், எங்கள் சங்கத்தையும் கேட்கிறேன்.

இதை இவர் வாசிப்பார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மகளுக்குத்தான் வாசிக்கத் தெரியாது. அவரே அவளுக்கு வாசித்துக் காட்டட்டும். அன்றைக்கு எழுதாமல் விட்டதை இன்றைக்காவது தன் வாயால் சொல்லட்டும்: ஏகமனதாக இல்லை. ஒருத்தி எதிர்த்தாள்.